சவரிநாதனின் ஒரே மேகம்

திருச்சி வானத்தின் மேல் சவரிநாதனுக்குத் தீராத கோபம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெள்ளை வேட்டியை விரித்துப்போட்ட மாதிரி கிடக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெறும் காகிதமாகத்தான் விழும். பிழைப்புக்கு இன்சூரன்ஸ் குமாஸ்தாவாக இருந்தாலும், ஒளியையும் நிழலையும் ஆளப் பிறந்தவராகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்த மனிதர் இந்த அநியாயத்தை எப்படிப் பொறுப்பார்?

பொறுக்கவில்லை. ஓர் ஐப்பசியில் கொள்ளிடக் கரையில் அருமையான மழைமேகம் ஒன்று அவர் காமிராவில் சிக்கியது. அந்த நெகடிவைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். பிறகு எந்த இடத்தைப் படம் பிடித்தாலும், பிரிண்ட் போடும்போது காலி வானத்தில் அந்த மேகத்தை இறக்கிவிடுவார். மலைக்கோட்டைக்கு மேல் அதே மேகம். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துக்கு மேலும் அதுவேதான், இடம் வலம் மாறி. இத்தனைக்கும், காட்சி எழுதிய படுதா தொங்கவிட்டுப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களை அவர் ஏசாத நாளில்லை. "ஒளி பொய் சொல்லாதுங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அப்போதெல்லாம் மனைவி ரோசரி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அறுபதுகளில் ஒரு வறண்ட கோடை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் மதியச் சாப்பாடும் முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, மண்ணச்சநல்லூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் இறங்கினார். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சாயங்கால வெயிலில் வெடிப்புக்குள் நிழல் மை ஊற்றியது போல் நின்றது. சவரிநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. தாகத்துக்குக் கேட்டபோது பிச்சமுத்து என்ற குடியானவர் அரைச் சொம்புதான் கொடுத்தார்.

"ஊர்க் கிணறு வத்திப்போச்சுங்க. புதுசு கேட்டு மனு கொடுத்திருக்கோம்."

"அப்படியா" என்று குடித்துவிட்டு, இவர் வெயில் இறங்குகிறதே என்று ஓடினார்.

அடுத்த வாரமே டவுன் புகைப்படக் கண்காட்சியில் அந்த ஏரிக்கு முதல் பரிசு. மேகத்தோடுதான். கோப்பை கொடுத்த அதிகாரி சொக்கிப்போய், எந்த ஊர், எப்போது எடுத்தது என்று கேட்டார். ஊரைச் சொல்லி, "போன ஞாயித்துக்கிழமை சார்" என்றார் சவரிநாதன், மேடையில், மைக்கில். கிணறு தோண்ட உத்தரவு போட வேண்டியவரும் அந்த அதிகாரிதான் என்பது அவருக்குத் தெரியாது.

பிச்சமுத்து வீடு தேடி வந்தபோதுதான் தெரிந்தது.

"கிணத்துக்கு இப்ப அவசரமில்லைன்னுட்டாருங்க. எங்க ஊர் மேல மழை மேகம் நிக்கிறதைப் படத்துல பாத்தாராம். நீங்க வந்த அன்னிக்கு மேகம் எங்க சார் இருந்துச்சு?"

சவரிநாதன் ரோசரியைப் பார்த்தார். "போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் அவள். இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை.

போனார். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, மேகம் இல்லாத பிரிண்ட் ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டார். பிச்சமுத்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியாக் கழுவலையா? மேகமே விழலையே."

"சார், அந்த மேகம் வந்து..."

"அதானே படத்துக்கே உயிர். அதைப் பத்தித்தானே மிஸ்டர் சவரிநாதன், மேடையில அத்தனை நேரம் பேசினேன். அடுத்த வருஷம் உங்களை நடுவராப் போடச் சொல்லியிருக்கேன்."

நடுவர். கண்காட்சி மேடையில், மாலையோடு, தான் உட்கார்ந்திருப்பதைச் சவரிநாதன் ஒரு கணம் பார்த்தார்.

"கழுவினதுலதான் தப்பு சார்" என்றார்.

வெளியே வந்ததும் பிச்சமுத்து எழுந்து நின்றார். "சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன். பாக்கிறேன்னிருக்காரு."

பிச்சமுத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டார். சவரிநாதன் அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டார்.