ஒற்றைத் தும்மல்

போன வாரம் பசறைப் பக்கம் நடந்த ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்திருந்தது. வெற்றிலை பாக்கோடு கடைக்கு வந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்:

"அய்யா, எங்க கங்காணியம்மா அவசியம் வரச் சொன்னாங்க. சாப்பிட மட்டும். பாட வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

கேட்டீர்களா அநியாயத்தை? நான் பதுளைக் கடைத்தெருவில் அரிசி விற்கிறவன்தான். ஆனால் இந்த ஊவா மாகாணத்தில் கல்யாணம், கோயில் திருவிழா என்றால் முதலில் தேடுவது என்னையும் என் ஆர்மோனியப் பெட்டியையும்தான். என்னைக் கூப்பிட்டுவிட்டு, பாடாதே என்பதா? வேறு யாராக இருந்தாலும் வெற்றிலையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இந்த அம்மா என்பதால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் என் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அரிசித் தூசியிலேயே நாள் முழுக்கப் புழங்குகிற மூக்கு இது. தவிடு பறந்தால் ஒன்றும் செய்யாது. மிளகாய் மூட்டையைப் பிரித்தாலும் அசையாது. ஆனால் ஆடிக் காற்று அடித்து, மலைச்சரிவில் ஆள் உயரத்துக்கு நிற்கிற மானாப்புல் பூத்ததோ... போச்சு! கண் அரிக்கும். மூக்கு ஒழுகும். தொண்டை கட்டும். ஆவணி முடிகிற வரைக்கும் இதே கூத்துதான். அதே காற்றில்தான் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுகிறது என்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொண்டாடுகிறார்கள். ஏறட்டும், யார் வேண்டாம் என்றது?

ஒரு தடவை டாக்டரிடம் போனேன். என் மூக்குக்குள் எட்டிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், யோசித்தார்.

"ஹே ஃபீவர்னு ஒரு புல் காய்ச்சல், அது மாதிரி இருக்கு... ஆனா அது துரைமாருக்குத்தானே வரும்? உமக்கு எப்படி ஐயா வந்துச்சு?"

துரைமார் கிளப்புக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனைப் போல என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? வேண்டும் என்றா வாங்கினேன்? துரைக்கு இது வந்தால் கடற்கரையில் ஒரு மாதம் ஓய்வு. கொழுந்தெடுக்கிறவளுக்கு வந்தால், "மூக்கைத் துடைச்சிட்டு மலைக்குப் போ." எனக்கு வந்ததற்கு, வயிற்றுவலிக்கும் முழங்கால் வலிக்கும் கொடுக்கிற அதே சிவப்பு மிக்ஸ்சரைக் கொடுத்து அனுப்பினார்.

என் சம்சாரம் மஞ்சளைச் சுட்டு மூக்கில் புகை காட்டினாள். பக்கத்துக் கடை முஸ்லிம் நானா, "முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்" என்று மூக்குப்பொடி மட்டையை நீட்டினார். எடுத்தேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

மூக்கு ஒழுகுவதைத் துண்டால் துடைத்துக்கொள்ளலாம். தொண்டை கட்டினால் ஒரு கட்டை இறக்கிப் பாடலாம். பாட்டுக்காரனுக்குச் சனி பிடிப்பது தும்மலில்தான். நம் ஜனங்கள்தான் உங்களுக்குத் தெரியுமே! இரட்டைத் தும்மல் நல்லது, ஒற்றைத் தும்மல் ஆகாது. நல்ல காரியம் நடக்கும்போது ஒற்றையாக யாராவது தும்மிவிட்டால், வைத்த கையை எடுத்துவிடுவார்கள். என் தும்மலோ பிறவியிலேயே ஒற்றை. ஒன்று வரும், இடி மாதிரி வரும். அடுத்தது வருவதற்குள் அரைப் பாட்டு முடிந்துவிடும்.

அதற்காக ஒரு வித்தை கண்டுபிடித்தேன். முதல் தும்மல் வந்த கையோடு, இரண்டாவதை நானே பொய்யாகப் போட்டுவிடுவது! சபையில் எல்லாரும் "இரட்டை, இரட்டை" என்று மூச்சு விடுவார்கள். குருநாதர் சொல்லிக் கொடுத்த எதையும் இந்தக் கள்ளத் தும்மல் அளவுக்கு நான் சாதகம் செய்ததில்லை. அப்படியும் ஆவணியில் புல் மண்டிய தோட்டங்களுக்குப் பாடப் போவதே இல்லை என்று வைத்திருந்தேன். இது ஊருக்கே தெரியும்.

போன ஆவணியில் இதே ஆள், இதே வெற்றிலை பாக்கோடு வந்தான். அவன் தோட்டத்தில் கூலியாட்களுக்கு மேலாளான பெரிய கங்காணி வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். நான்தான் பாட வேண்டும் என்று கங்காணியம்மா பிடிவாதமாம்.

"அப்பா, ஆவணியில என் மூக்கு..."

"அதையும் நான் சொன்னேங்க. 'தெரிஞ்சுதான் கூப்பிடுறேன்'னு சொன்னாங்க."

எனக்குத் தலை கால் புரியவில்லை. மூக்கு ஒழுகினாலும் இவன் பாட்டுத்தான் வேண்டும் என்கிறாரே, இதுவல்லவோ ரசனை! "ஆவணியிலயா? இதுல என்னமோ இருக்குங்க" என்றாள் என் சம்சாரம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் என் பாட்டின் அருமை இவளுக்குத் தெரியவில்லையே என்று நொந்துகொண்டு வண்டி ஏறினேன்.

வழி நெடுகப் புல் பூத்துக் கிடந்தது. போய் இறங்கும்போதே கண் இரண்டும் கோவைப்பழம். வாசலுக்கே வந்து வரவேற்றார் கங்காணியம்மா. அதிகம் பேசாத மனுஷி. என்ன பாட்டு, என்ன ராகம் என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அய்யா, உங்களுக்குத் தும்மல் ஒத்தையா வருமா, ரெட்டையா வருமா?"

"ஒத்தைதாம்மா. ஆனா பயப்படாதீங்க. ரெண்டாவதை நானே போட்டு ரெட்டையாக்கிருவேன்" என்று தொழில் ரகசியத்தை உடைத்தேன்.

அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. "போட்டுத்தான் ஆகணுங்களா?"

"நல்ல காரியம் நடக்கிற இடமாச்சேம்மா! விட்டுருவேனா?"

யோசித்தார். விறுவிறென்று உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் எல்லாருக்கும் வெறும் பாய். எனக்கு மட்டும் பாய் மேல் புத்தம் புதுத் திண்டு, சிவப்பு உறை போட்டு! "நல்லா சாஞ்சுக்கிட்டுப் பாடுங்க அய்யா" என்றார் கங்காணியம்மா. இந்த மரியாதை எந்த வீட்டில் கிடைத்திருக்கிறது எனக்கு? சாய்ந்தேன். மூக்கு சுரீர் என்றது.

மாப்பிள்ளை கொஸ்லந்தப் பக்கத்துப் பெரிய கங்காணி. கறுப்புக் கோட்டு, தங்கச் சங்கிலி, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. பெண்ணின் அப்பாவை விட இரண்டு வயது மூத்தவர். அவருக்கு இது மூன்றாம் தாரம். முதல் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்ததற்குச் சகுனம் பார்க்காமல் கல்யாணம் செய்ததுதான் காரணம் என்று எவனோ ஜோசியன் கொளுத்திப் போட்டிருக்கிறான். அதனால் மனுஷர் அன்றைக்குப் பூனை குறுக்கே போனதற்கு ஒரு தடவை, விறகுச் சுமை எதிரே வந்ததற்கு ஒரு தடவை வீடு திரும்பி, மறுபடி புறப்பட்டு வந்து சேர்ந்திருந்தார்.

பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை இல்லாமல் இல்லை. தாய்மாமன் மகன், பண்டாரவளையில் சின்னதாக ஒரு கடை. பெண்ணுக்கும் அவன் மேல்தான் மனசு. கங்காணிக்கோ தோட்டத்துக்குத் தோட்டம் சம்பந்தம் செய்கிற பெருமை வேண்டும். கங்காணியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். "பொம்பளைக்கு என்ன தெரியும், போ உள்ள" என்று வாயை அடைத்துவிட்டாராம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்குச் சபையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண் வீங்கியிருந்ததைப் பார்த்து, பாவம், இவளுக்கும் புல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அப்படி!

பிள்ளையார் மேல் ஒன்று பாடினேன். முருகன் மேல் ஒன்று பாடினேன். திண்டில் சாய்ந்தால் மூக்கு அரிக்கிறது, நிமிர்ந்தால் அந்த அம்மா கதவோரத்திலிருந்து "சாஞ்சுக்குங்க, சாஞ்சுக்குங்க" என்று கையைக் காட்டுகிறார். உபசாரத்தை மறுக்கலாமா? சாய்ந்தேன்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. தாலி கட்டும்போது என்றால் கெட்டிமேளம் இருக்கும். அந்த வீட்டு நிச்சயத்துக்கு மேளம் வைக்கவில்லை, நான் மட்டும்தான். தணிந்த குரலில் மங்களம் பாடிக்கொண்டிருந்தேன். கங்காணி தட்டை நீட்டினார். மாப்பிள்ளை கையை நீட்டினார்.

வந்தது, ஐயா... வந்தே விட்டது! கூரைத் தகரம் அதிர்ந்தது.

பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டாவதைப் போட வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு செம்புத் தண்ணீர்!

"அய்யோ பாவம், தண்ணி குடிங்க அய்யா, தண்ணி குடிங்க!" கங்காணியம்மா செம்பைச் சாய்த்தபடியே இருக்கிறார். எனக்குப் புரையேறி இருமல் பிய்த்துக்கொண்டது. இருமலை எவன் தும்மல் கணக்கில் சேர்ப்பான்?

"அடி ஆத்தீ! ஒத்தைத் தும்மல்!" என்று மார்பில் கை வைத்தாள் மாப்பிள்ளையின் அக்கா.

மாப்பிள்ளை சுட்டதைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"பாட்டுக்காரன் தும்மினதெல்லாம் ஒரு சகுனமா? தட்டைப் பிடிங்க" என்றார் கங்காணி.

"இல்லீங்க. ரெண்டு தடவை பட்டுட்டேன். மூணாவது தடவை நான் ஆளில்லை" என்று பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பின்னாலேயே அவர் கூட்டமும் எழுந்தது. போட்ட இலை போட்டபடி கிடந்தது.

கங்காணி என் பக்கம் திரும்பினார். சொன்னதையெல்லாம் நான் எழுதுகிற இந்தப் பத்திரிகையில் போட முடியாது. கடைசியாகச் சொன்னது மட்டும்: "இனிமே இந்தத் தோட்டத்து எல்லையில உன் மூக்கைப் பார்த்தேன், அறுத்துருவேன்!"

அழுகையே வந்துவிட்டது எனக்கு. என்னால் ஒரு பெண்ணின் வாழ்வு கெட்டதே! வண்டியில் ஏறும்போது கங்காணியம்மா அந்தத் திண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சகுனம் பட்ட திண்டு. வீட்டுல வேணாம். போற வழியில ஆத்துல போட்டுருங்க அய்யா."

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் நின்று இரண்டு கையும் கூப்பினாள். நிச்சயம் நின்றுபோன துக்கத்திலும் பாட்டை மதிக்கிறாளே என்று இன்னும் உருகிப்போனேன்.

புதுத் திண்டை ஆற்றில் போட நான் என்ன பைத்தியமா? வியாபாரி ஐயா நான். வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். தும்மினேன். மறுபடி சாய்ந்தேன். மறுபடி தும்மினேன். என் சம்சாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து வந்து தையலைப் பிரித்தாள்.

பஞ்சு ஒரு துளி இல்லை. அத்தனையும் மானாப்புல் பூ!

அவள் சிரித்த சிரிப்பில் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க பாட்டுக்கா கூப்பிட்டாங்க? தும்மலுக்கில்ல கூப்பிட்டிருக்காங்க! தண்ணிய வேற ஊத்தி ரெண்டாவதை அடைச்சிருக்காங்க பாருங்க, கெட்டிக்காரி!"

"என்னை ஏமாத்திப்புட்டா அந்தப் பொம்பளை" என்று குதித்தேன்.

"வாயால சொன்னா யாரு கேட்டாங்க? அதான் உங்க மூக்கால சொல்லிட்டாங்க."

கோபம் இரண்டு நாள் இருந்தது. அந்த வீங்கிய கண் நினைவுக்கு வரவரக் கரைந்துபோனது. ஆனால் பாருங்கள், ஒரு தாய் நியாயத்தைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத இரண்டு பெரிய கங்காணிகள், தோட்டம் தோட்டமாக ஆளை மேய்க்கிறவர்கள், ஒரு அரிசிக் கடைக்காரனின் மூக்குக்குக் கட்டுப்பட்டார்கள்! இந்த மூக்குக்கு இருக்கிற மரியாதை என் குரலுக்கு என்றைக்காவது இருந்திருக்கிறதா?

"தும்மல் பட்ட பொண்ணு" என்று பேர் பரவியதும் பெரிய இடம் எதுவும் அந்த வாசலை மிதிக்கவில்லை. கங்காணி தையில் இறங்கி வந்தார். பண்டாரவளைப் பையன், "எத்தனை தும்மல்னாலும் எனக்குச் சம்மதம்" என்றானாம்.

அந்தக் கல்யாணம்தான் போன வாரம் நடந்தது.

போனேன். கங்காணி கண்ணில் படாமல் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். தை மாதம், புல் இல்லை, பயமில்லை என்று இருந்தால்... குளிருக்காகப் பாய்க்கு அடியில் பந்தல் முழுக்க வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள்! மூக்கு ஆரம்பித்தது. துண்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னால் இரண்டாவது தடவையும் இந்தப் பெண்ணுக்குக் கெடக் கூடாதே என்று உள்ளூர எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எழுந்து ஓடலாம் என்றால் நாலாபக்கமும் ஆள்.

கங்காணியம்மா பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அய்யா, இப்படி வந்து உக்காருங்க."

உட்கார வைத்த இடம், தவில்காரருக்குப் பக்கத்தில்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தான். "கெட்டிமேளம்!" என்று நாலு பேர் கத்தினார்கள். தவில் முழங்கியது. ஆகாத சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளத்தை வைத்திருக்கிறார்கள்? அந்த முழக்கத்துக்குள் என் தும்மல் போன இடம் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் கள்ளத் தும்மலையும் ஒன்று போட்டு வைத்தேன். ஒருவரும் திரும்பவில்லை. கங்காணியம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று முடிச்சும் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வைக்கோலால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பீர்கள். தாலி ஏறியாகிவிட்டது. கங்காணிக்குப் பத்திரிகை வாசிக்கிற வழக்கமில்லை. இனி என்ன?

நேற்று கடைக்கு வேறொரு அம்மா ஆள் அனுப்பியிருந்தார். ஊரைச் சொல்ல மாட்டேன். வருகிற ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தமாம். எந்தப் பாட்டுப் பாடவேண்டும் என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சரிதானாமுங்க!"