பூட்டுக்காரி

இணையத்தில் அவளைப் பூட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். கிண்டலாக வைத்த பெயர். அவளோ அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் குடிநீர் அலுவலகத்தில் கணினி எழுத்தராக இருந்தபோது, எவனோ போலிப் படிவம் ஒன்றை அனுப்பி ஒரு தெருவுக்கே தண்ணீரை நிறுத்திவிட்டான். திட்டு முழுக்க இவள் தலையில் விழுந்தது. வேறொருத்தியாக இருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். இவள் வீம்புக்கு உட்கார்ந்து, இணையதளம் கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரமாக ஒரு ஃப்ரேம்வொர்க்கையே எழுதினாள். அதில் ஒவ்வொரு படிவத்துக்கும் ரகசிய முத்திரை உண்டு. முத்திரை இல்லாமல் வருவதை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரலைத் திறந்துவைத்தாள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சும்மா கிடைத்ததற்கு அதிகாரம் பண்ணுகிறவர்களுக்குப் பஞ்சமா? அதனால் ஒரு பிடிவாதம் வைத்திருந்தாள்: எந்தக் கோரிக்கையும் பொதுப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட வேண்டும். ரகசியமாக வருவதற்குப் பதிலே கிடையாது.

அவள் செய்த ஒரே தப்பு, முத்திரைச் சோதனையை அணைத்துவைக்க ஆரம்பத்தில் ஒரு வசதி விட்டிருந்தது. புதிய பதிப்பில் அதை எடுத்துவிடப் போவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தாள். அது வெளிவரும் நாளோடு பழைய பதிப்புக்கான பராமரிப்பும் முடியும்; பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை.

வெளியிடுகிற நாள் காலையில், பட்டனை அமுக்குவதுதான் பாக்கி என்றிருந்தபோது அக்காவும் அத்தானும் வந்து நின்றார்கள். அத்தான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினிப் பிரிவுத் தலைவர். அவர்கள் தளம் ஓடுவதே இவளுடைய ஃப்ரேம்வொர்க்கில்தான், அதுவும் சோதனையை அணைத்துவைத்து.

"அந்த வசதிய மட்டும் எடுக்காதம்மா. எடுத்தா எங்க ஃபாரம் ஒண்ணும் ஓடாது. என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க."

"ரெண்டு வருஷமா தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேனே அத்தான், அப்ப காது எங்க போச்சு?"

"கூடப் பொறந்தவளுக்காக இதுகூடச் செய்ய மாட்டியாடி?" அக்காவின் குரல் உடைந்தது.

அதுதான் அவளுக்கு வலித்தது. அம்மா போன பிறகு அவள் உரிமையோடு போய் நிற்கக்கூடிய வீடு அக்கா வீடு ஒன்றுதான். ஆனாலும் மடிக்கணினியை அத்தான் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பொதுப் பக்கத்துல எழுதுங்க. நியாயமா இருந்தா இன்னிக்கு வெளியிடறதையே நிறுத்தறேன்."

அத்தான் இரண்டு வரி அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

"முடியாதும்மா. எழுதினா, எங்க கதவு திறந்து கெடக்கு, எவன் வேணா போலி ஃபாரம் அனுப்பலாம்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அதுக்கு நான் தொணை போகணுமா? ஃபாரத்தச் சரி பண்ண எத்தன நாள் வேணும்னாலும் உங்க பக்கத்துல உக்காந்து வேலை செய்யறேன். ஆனா இந்த வசதி இருக்காது. அக்கா இனிமே எங்க வாசப்படிய மிதிக்காதேன்னு சொன்னாலும் சரி, முடியாதுன்னா முடியாதுதான்."

 

அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தாள்.

"எந்தக் கதவுங்க? என் பாலிசி, பசங்க பாலிசி எல்லாம் அங்கதானே இருக்கு?"

அத்தான் மடிக்கணினியை மூடக் கை நீட்டினார்.

அக்கா எழுந்து வந்து, மடிக்கணினியைத் தங்கை பக்கம் திருப்பினாள்.

"என் மூஞ்சிய என்னடி பாக்குற? அமுக்கு அந்த பட்டன!"