புளி போட்டுத் துலக்கிய கிளிப்புகள்

என் வலது கட்டைவிரலில் மேல் பாதி இல்லை. சாமை உடைக்கிற மில்லில் பெல்ட் இழுத்துக்கொண்டு போனது. புண் ஆறியதும் அதே மில்லுக்கு, அதே மெஷினுக்கு வேலைக்குப் போனேன். ஊர் வாயைப் பிளந்தது. பிளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விரல் போனதற்கு நான் அழுதது கொஞ்சம்தான். அதற்குப் பிறகு வீட்டில் என்னை நடத்திய விதம் இருக்கிறதே, அதற்குத்தான் அதிகம் அழுதேன். அம்மா என் கையிலிருந்து தண்ணீர்ச் சொம்பைக்கூடப் பிடுங்கிக்கொள்வாள். அவளையாவது பொறுத்துக்கொண்டேன். என் தம்பியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். போளூருக்கும் எங்கள் மலை ஊருக்கும் வேன் ஓட்டுகிறான். டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியைப் பழையதாக வாங்கி வைத்திருந்தோம். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்கிற சண்டை விளையாட்டு ஒன்றுதான் எங்களுக்கு உயிர். கல்லூரி நாளிலிருந்தே ஆடினோம். அவன் எனக்கு ஒருநாளும் விட்டுக்கொடுத்தவன் இல்லை. நானும் அப்படித்தான். தோற்றவர் மானத்தை மற்றவர் அன்றைக்கு முழுக்க வாங்குவார்.

கையில் பிடித்து ஆடுகிற ரிமோட்டில் அடிக்கிற பட்டன்கள் எல்லாம் வலது கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கும். பாதி விரல் வழுக்கியது. ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்தேன், நேரம் பிடித்தது. அதைப் பார்த்துவிட்டு என் தம்பி தோற்க ஆரம்பித்தான். "அய்யய்யோ, தோத்துட்டேனேக்கா!" என்பான், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். ஒரு மாலை வரிசையாகப் பதினான்கு ஆட்டம் ஜெயித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டது கிடையாது.

எனக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான். அவன் என்னோடு நிஜமாக ஆட வேண்டும்.

பழைய வீடியோ கேம் கடை மெஷின்களில் இருந்ததுபோல, இடது கைக்கு ஒரு குச்சியும் வலது கைக்கு எட்டு வட்டப் பட்டன்களும் வைத்த பெட்டி ஒன்று உண்டு என்பதை போனில் பார்த்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாலு விரலாலேயே ஆடலாம். கட்டைவிரல் வேண்டாம்! வேலூரில் ஒருவரிடம் பழையதாக ஒன்றை வாங்கினேன். மட்டமான சரக்கு. பட்டனை அழுத்தினால் டீயில் ஊறின பன்னை அழுத்துவது போலிருந்தது. குச்சி தம்பியின் வேன் கியரைவிட மோசமாக ஆடியது.

"இதுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ பாடு? சும்மா எடுத்து வை. நான்தான் பாத்து ஆடறேன்ல?" என்றான்.

பார்த்து ஆடுகிறானாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே நல்ல பட்டன் எட்டும் நல்ல குச்சி ஒன்றும் போனிலேயே ஆர்டர் போட்டேன். கூரியர்காரர் மலை ஏற மாட்டார் என்பதால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போளூருக்கு இறங்கிப் போய் வாங்கினேன். எந்த ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் என்று பார்க்க அங்கே டிவி ரிப்பேர் கடையில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கடைக்காரர் ஒயர் முனைகளில் இருந்த பித்தளைக் கிளிப்புகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கறுத்துப் போய் கீதும்மா. வெட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டணும்." அப்புறம் என் விரலைப் பார்த்தார். "உட்டுட்டுப் போம்மா, நானே மாட்டித் தர்றேன். உன்னால ஆவாது."

"வேணாங்க. நானே பாத்துக்கறேன்." ஸ்க்ரூ டிரைவரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புதுக் கிளிப்பைக்கூட வாங்கவில்லை. வீம்பு.

பித்தளையைத் துலக்க எனக்கு இவர் சொல்லித்தர வேண்டுமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாதா கோயிலில் ஆளுயர மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்குகிற முறை வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு உண்டு. மலையில் புளிக்கா பஞ்சம்? புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னும். அதேபோல் பட்டனுக்கு இரண்டாகப் பதினாறு கிளிப்பையும் ஒயரோடு சேர்த்துப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தேன், கழுவினேன், வெயிலில் காயவைத்தேன். பளபளவென்று வந்தன. பழைய பட்டன்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைத் துளைகளில் அழுத்தினேன், கிளிப்புகளைச் செருகினேன், குச்சியை நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். பட்டனைத் தொட்டாலே டிக்கென்றது. கூடத்தில் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

நாலு நாள் தனியாகப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். "வாடா, உன்னைக் கிழிக்கிறேன்."

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஒரு பட்டன் செத்தது. கூடவே இன்னொன்று. குத்தினால் குத்து விழவில்லை. டிவியில் என் தம்பியின் ஆள் அப்படியே கையைத் தொங்கப்போட்டு நின்றான். திரும்பிப் பார்த்தால் தம்பி ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டிருந்தான்.

"ஏன்டா நிக்கிற?"

"உன் பட்டன் வேலை செய்லயேக்கா. பரவால்ல, மீதி பட்டனை வெச்சி அடி. நான் நிக்கிறேன்."

"அது என் பாடு. நீ என்னை அடிக்க வேண்டியதுதானே?"

"பாவம்க்கா நீ."

சொல்லிவிட்டான். இவ்வளவு நாள் மனசுக்குள் வைத்திருந்ததை வாயைத் திறந்தே சொல்லிவிட்டான். "எழுந்து போடா வெளியே" என்று கத்தினேன். அவன் போன பிறகு வெகுநேரம் அழுதேன்.

பெட்டியைத் திறந்தால் கிளிப்புகளில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. ஒயருக்குள் ஏறின புளித்தண்ணீர் காயவே இல்லை, உள்ளுக்குள் இருந்தே செம்பைத் தின்றிருக்கிறது. யாரைக் குறை சொல்வது? என் திமிரைத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அதே ரிப்பேர் கடைக்குப் போனேன். அவர் ஒரு கிளிப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, ரசம் வெச்சியா?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதுக் கிளிப்புகளையும் அவற்றை நெரிக்கிற பிளையரையும் எடுத்து வைத்துவிட்டு, "நீயே மாட்டிக்குவ" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

பச்சை பூத்த முனைகளை வெட்டிவிட்டு, ஒயரைப் பல்லால் கடித்துப் பிடித்து, இடது கையால் பிளையரை நெரித்தேன். மூன்று கிளிப்பு பாழானது. உதடு ஒரு இடத்தில் கிழிந்தது. ஆனால் பதினாறையும் நானே மாட்டினேன், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஆடிப் பார்த்தேன். எதுவும் சாகவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பி தயங்கித் தயங்கித்தான் வந்து உட்கார்ந்தான். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். "அய்யோ, தோத்துட்டேனேக்கா" என்றான், அதே குரலில். இரண்டாவது ஆட்டத்தில் அவனை ஒரு மூலையில் தள்ளி, எழுந்திருக்கவே விடாமல் அடித்தேன். என் ஆளின் மேல் அவனால் ஒரு அடிகூட வைக்க முடியவில்லை. அவன் சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினான். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துத் தூர வைத்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் அவன் என்னை அடித்த அடி இருக்கிறதே! நாலாவதிலும் அடித்தான். ஐந்தாவதில் நான் ஒரு நூலில் ஜெயித்தபோது, "எருமை, எருமை" என்று தொடையில் குத்திக்கொண்டான். ஆறும் ஏழும் அவனுக்குப் போயின. எனக்கு வியர்த்துக் கொட்டியது. மொட்டை விரல் வலித்தது. அவனுக்கும் மூச்சு வாங்கியது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "டேய், அவ கையி இன்னாத்துக்கு ஆவும்? பாவம்டா, கொஞ்சம் உட்டுக் குடேன்."

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ சும்மா இரும்மா. கொஞ்சம் அசந்தா இவ என்னைக் கொன்னுடுவா."

எட்டாவது ஆட்டத்தையும் அவன்தான் ஜெயித்தான்.