சொந்தக் கையால் என்று ஒரு விதி

நான் கள்ளக் கையெழுத்துப் போட்டவள். அதே நாளில், அதைவிடச் சிறிய பிழைக்காகப் பதினொரு பெண்களின் ஓட்டைப் பறித்தவளும் நான்தான்.

‘இவ்வளவுதானா?’ என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருடமாக நானும் அப்படித்தான் கேட்டுப் பார்க்கிறேன்... பதில் ஒருநாளும் ‘ஆம்’ என்று வந்ததில்லை.

மலையாளம் பேசும் நகரத்தில், ஆரியசாலை மண்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஒரு சங்கம் நடத்துகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல். இரண்டு ரூபாய் சந்தா கட்டிய பெற்றோருக்கு மட்டுமே ஓட்டு. மிளகாய் மண்டி முதலாளி ஒருவர் கடைசி நாளில் வந்து, கட்டாதவர்கள் எல்லாருடைய சந்தாவையும் தாமே கட்டிவிடுவார். அந்த ஓட்டெல்லாம் அவருக்கு விழும். இதைத் தர்மம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், பி.ஏ. படித்தவள் என்று சந்தாப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒரு விதியை வாசித்தேன்: அவரவர் சந்தாவை அவரவர் சொந்தக் கையால் கட்டிக் கையெழுத்திட வேண்டும், பிறர் கொண்டுவந்தால் செல்லாது.

முதலில் கை தூக்கி ஆதரித்தவர் முதலாளி. ஏன் சிரித்துக்கொண்டே தூக்கினார் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா?

அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவள் ரோசம்மாள். குளச்சல் பக்கத்திலிருந்து வந்து, கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமப்பவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பள்ளியின் வாசலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மார் அந்நேரமே பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள். ஒன்பது வரை அவை தெருவில், லாரிகளுக்கு நடுவே நிற்கின்றன.

சந்தாவின் கடைசி நாள். முதலாளி தம் மண்டியில் வேலைபார்த்த பெற்றோருக்கெல்லாம் அரைநாள் லீவு கொடுத்து, ஆளுக்கு இரண்டு ரூபாயைக் கையில் வைத்து, வரிசையாக அனுப்பினார். ஒவ்வொருவரும் சொந்தக் கையால் கட்டினார்கள். விதிப்படி ஒரு குற்றமும் இல்லை! பல்லைக் கடித்துக்கொண்டு ரசீது எழுதினேன்.

மதியம் ரோசம்மாள் வந்தாள். தலையில் சிமெண்டுப் பொடி. முந்தானை முடிச்சில் பதினொரு பெண்களின் சந்தா. அன்று கான்கிரீட் போடும் நாள். அவர்கள் வேலையை விட்டு வந்தால் கூலி போய்விடும்.

முதலாளியின் கணக்கர் என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“சேச்சி, ரூல் எழுதினது ஆரு? நானா?” என்று என்னைக் கேட்டார்.

“எக்கா, இது அவளுகளுக்க சொந்தப் பைசா! கல்லு சுமந்த பைசா. நான் கொண்டு வந்தது மட்டுந்தான்” என்றாள் ரோசம்மாள்.

“சொமக்கதுக்குத்தானே உனக்குக் கூலி? இதையும் சொமந்துட்டுப் போ” என்றார் கணக்கர், என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிவேட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் முதல் பெயர் என் கணவருடையது... ஆபீசுக்கு லீவு போட அவருக்கு மனமில்லை. அதனால் காலையில், யாரும் வருமுன், அவருடைய சந்தாவை நானே கட்டி, அவர் கையெழுத்தையும் நானே போட்டிருந்தேன். வீட்டுக்காரருக்காக மனைவி செய்வது ஒரு தவறா என்றுகூட அப்போது தோன்றவில்லை!

ஒரு வார்த்தை போதும். ‘நானும் மீறியிருக்கிறேன், இந்த விதியே பிழை’ என்று சொல்லியிருக்கலாம். விதியில் பணம் யாருடையது என்று கேட்கத்தான் நினைத்தேன்; கை யாருடையது என்று எழுதிவிட்டேன். அது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. ஆனால், நேர்மையானவள் என்று ஊர் என்னைச் சொல்லத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது...

“விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ரோசம்மா” என்றேன். அவள் முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு போனாள்.

ஏழு ஓட்டில் தோற்றாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். “நான் எப்போ சந்தா கட்டினேன்? என் கையெழுத்து எனக்கே தெரியாம அழகாயிடுச்சே!” குழந்தை கேட்கிறாள் என்று அவர் வாயை அடைத்தேன். குழந்தைக்காகவா அடைத்தேன்?

பள்ளியின் வாசல் இன்றும் ஒன்பதுக்குத்தான் திறக்கிறது. எத்தனையோ முறை விதியை மாற்றி எழுத உட்கார்ந்தேன். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால் எதிலிருந்து தொடங்குவது? பேனாவை மூடிவிடுவேன். என்மேலேயே எரிச்சல் வரும். அந்த எரிச்சலை மகளின் தலையைப் பின்னும்போது காட்டுவேன்.

மறுபடி தேர்தல் வருகிறது. நேற்று சாலைக் கடைத்தெருவில் ரோசம்மாள் என்னை மறித்தாள்.

“எக்கா, இந்தத் தவணை பதினோரு பேரும் ஒரு நாள் கூலிய விட்டுட்டு நேர்ல வாறோம். நீங்க ரூல மாத்தாண்டாம். நல்ல ரூலுதான். எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“ஆமாம்” என்றேன்.