பிள்ளைத்துணியில் உப்பு

நெடுந்தீவில கடலுக்குப் போற ஆம்பிளையள் எத்தனையோ பேர். பிள்ளையின்ர துணியை நக்கிப் பார்த்த ஆம்பிளை எண்டால் றெக்ஷன் ஒருத்தன்தான். சிரிக்கிறவை சிரிக்கட்டும். ஏன் நக்கினவன் எண்டதையும் கேட்டிட்டுச் சிரிச்சால் நல்லது.

அவன்ர மனிசி ஜொய்சிக்கு வயித்தை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தவை. யாழ்ப்பாணத்தில, குருநகரில தாய் வீட்டில ரெண்டு மாதம் இருந்திட்டு, மகளோட தீவுக்குத் திரும்பி வந்தாள். வாளி தூக்கக்கூடாது, கிணத்தில அள்ளக்கூடாது எண்டு டொக்டர் சொல்லி விட்டிருந்தார். அப்ப தோய்க்கிறது ஆர்? றெக்ஷன்தான். விடிய வலை எடுத்து, மீனைக் கரையில குடுத்திட்டு வந்து துணி ஊறவைச்ச பேசினுக்கு முன்னால குந்துவான். ஒரு நாளைக்கு இருபது நாப்கின், அதுக்கு மேல சட்டை, போர்வை. இந்தச் சின்ன உடம்பு எப்பிடி இவ்வளவு துணியையும் நனைக்குது எண்டு அவனுக்கு விளங்கவே இல்லை.

கிணத்துத் தண்ணி உவர். தோய்ச்சதெல்லாம் காய்ஞ்சால் கருவாடு மாதிரி விறைச்சு நிக்கும். பிரான்சில இருக்கிற அவன்ர தமக்கை பார்சலில ஒரு நீலப் போத்தல் அனுப்பியிருந்தாள், துணியை மெதுமெதுப்பாக்கிற வாசத் தண்ணியாம். எவ்வளவு ஊத்திறது எண்டு பிரெஞ்சில எழுதிக் கிடந்தது. எங்கட ஆளுக்கு அதெல்லாம் தேவையோ, அரைப் போத்தலை ஊத்தினான். துணி நல்ல மெதுமெதுப்பாத்தான் வந்தது. மூண்டாம் நாள் பிள்ளையின்ர கழுத்தும் துடையும் செக்கச்செவேலெண்டு தடிச்சிட்டுது.

"இந்த வாசத் தண்ணி ஒண்டும் வேண்டாம் தம்பி," எண்டா பிள்ளையைப் பார்த்த கிளினிக் நேர்ஸ் மிஸ். "சவர்க்காரத்தையும் குறைச்சு, நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசும்."

அண்டைக்கே ஜொய்சியின்ர தாய் மேரிசுகந்தி போனில பிள்ளையைப் பார்த்திட்டா. "சனிக்கிழமை வாறன். இப்பிடியே கிடந்தால் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திடுவன். அங்க பிள்ளைக்கு ஒழுங்காத் துணி தோய்க்கவும் ஆளில்லை."

ரெண்டு மாதமாப் பிள்ளையைப் போனில பார்த்துக்கொண்டு கிடந்தவன் றெக்ஷன். இப்பத்தான் அவள் அவன்ர விரலைப் பிடிச்சபடி நித்திரை கொள்ளப் பழகியிருந்தாள். அவளைத் திருப்பி அனுப்ப அவனுக்கு மனமில்லை.

குடிக்கிறதுக்கெண்டு குழாயில வாற நல்ல தண்ணியைப் பிடிச்சு வைச்சு மூண்டு தரம் அலசினான். கொண்டுபோய்க் கரையில, வலை காயப்போடுற கயித்தில விரிச்சான். தீவில அதைவிடக் காத்துள்ள இடம் வேறை எது? பின்னேரம் எடுத்தால் அதே விறைப்பு, போதாக்குறைக்கு ஒரு பிசுபிசுப்பும். வந்த எரிச்சலில நாப்கின் நுனியை நாக்கில வைச்சுப் பார்த்தான். உப்பு.

நல்ல தண்ணியில அலசின துணியில உப்பு எங்கால வந்தது? காத்துத்தான் கொண்டுவந்தது. கயிறும் உப்புக் கயிறு. கடலால வந்தவுடன தன்ர முகத்தில கிடக்கிற உப்பைக் கழுவிறவன், அதே காத்தில பிள்ளையின்ர போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறான். பேயன் எண்டு தன்னையே திட்டிக்கொண்டான்.

வீட்டுக்குப் பின்னால, கடல்காத்துப் படாத கல்மதில் மறைவில புதுக் கொடி கட்டினான். எல்லாத்தையும் திரும்ப அலசி, ஒவ்வொண்டா உதறிப் போட்டான். அரைவாசி காய்ஞ்சதும் எடுத்துக் கையால கசக்கி, திரும்பவும் உதறி விரிச்சான். எடுக்கேக்க நுனியை நாக்கில வைப்பான், உப்புக் கரிச்சால் அது திரும்பப் பேசினுக்குத்தான்.

"உங்களுக்கென்ன விசரே?" எண்டாள் ஜொய்சி, குசினி யன்னலுக்குள்ளால.

சனிக்கிழமை காலமைப் படகில மாமி வந்திறங்கினா. கையில பெரிய பாக், உள்ளுக்கு ஒண்டுமில்லை, மகளின்ர உடுப்புகளை அடுக்கிக்கொண்டு போக. நேர பின்வளவுக்கு வந்தவ, போர்வை நுனியை வாயில வைச்சுக்கொண்டு நிண்ட மருமகனைக் கண்டா.

"என்ன தம்பி செய்யிறீர்?"

"உப்புப் பார்க்கிறன் மாமி." அவனுக்கு வெக்கமாப் போச்சு.

மாமி உள்ளுக்குப் போய்ப் பிள்ளையின்ர சட்டையைக் கழட்டினா. கழுத்தில சிவப்பில்லை. துடையில மட்டும் ரெண்டு புள்ளி, அதுவும் மங்கல். பிறகு வெளியில வந்து, கொடியில கிடந்த போர்வையை இழுத்து அதின்ர நுனியைத் தன்ர நாக்கில வைச்சா.

"இதில கொஞ்சம் கிடக்கு," எண்டா மாமி. "இன்னொருக்கா அலசும்."

பின்னேரப் படகுக்கு அவ தனியத்தான் வெளிக்கிட்டா. அந்தப் பெரிய பாக்குக்குள்ள நீலப் போத்தல் மட்டும் கிடந்தது.