பதினோராம் பாட்டு

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து என்றால் என் பெயரைப் போடுவேன்; எண்கள் தெரியும். பாட்டில் மட்டும் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. எங்கள் சபைக் கோயிலில் பலகையில் எண்ணை எழுதிப் போட்டால் போதும், புத்தகம் திறக்காமலே கடைசி அடி வரை பாடுவேன். பாட்டின் பெயரை யார் கேட்டார்கள்? எண்தான் எங்களுக்குப் பெயர்.

தொண்ணூறுகள் முடியும் சமயம், பாறசாலையில் எங்கள் வீட்டில் இளைய மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கேசட்டில் கிடந்த பாட்டையெல்லாம் அதற்குள் ஏற்றினான். ஒரு நாள் காலையில், "அம்மா, பெட்டி நிறைஞ்சாச்சு. கொஞ்சம் அழிக்கணும்" என்றான்.

"எலே, பாட்டுக்கு எதுக்குலே இடம்?"

"உண்டும்மா. சினிமாப் பாட்டுக்குக் கூடுதல் வேணும்ணு நினைச்சிராதீங்க, எல்லாத்துக்கும் வேணும்."

இதை நான் வெகுநேரம் யோசித்தேன். தலையில் இத்தனை பாட்டு வைத்திருக்கிறேன், ஒன்று வந்து ஒன்றைத் தள்ளியதில்லையே!

திரையில் வரிசையாகக் கிடந்த பாட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். எட்டும் பத்தும் வேண்டாம் என்றேன். இரண்டிலும் கேசட் இழுத்து, பாடுகிறவர் அழுவதுபோல் இருந்தது. பதினொன்று மருமகளின் தங்கை பாடியது. தானே மெட்டுப் போட்டுப் பாடிவிட்டு, நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். அந்தக் கேசட்டும் பிறகு அறுந்துபோனது; வேறு பிரதி கிடையாது. கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு அதைத்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாட வேண்டும். அன்று சாயங்காலம் கேட்டுப் படிக்க வருவதாக இருந்தார்கள்.

எந்தக் கட்டையைத் தட்டினால் பாடும், எதைத் தட்டினால் அழியும் என்று சொல்லித் தந்துவிட்டு மகன் காட்டாக்கடைக்குப் போனான். நான் எட்டை எண்ணி அழித்தேன். பிறகு மேலிருந்து பத்தை எண்ணி அழித்தேன். வேலை முடிந்த திருப்தியில் பதினொன்றைத் தட்டினேன். வேறு யாரோ பாடினார். மேலும் கீழும் தட்டிப் பார்த்தேன். அழுகிற மனிதர் ஒன்பதில் உட்கார்ந்திருந்தார். தங்கைக்காரியைக் காணோம்.

பாட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தாலும் பதினொன்று பதினொன்றுதான். இங்கே ஒன்று போனால் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி ஏறிவிடும் என்று எவன் சொன்னான்?

தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்திலிருந்து மருமகள் வந்ததும், பையை இறக்கும் முன்னே சொன்னேன்.

"உனக்க தங்கச்சிக்க பாட்டு போச்சு மக்கா."

"ஐயோ மாமி! பிள்ளைய இப்ப வருமே. நான் எதைப் போட்டுக் கேப்பிக்க?"

"நீயே பாடிக் காட்டு."

"நான் பாடினா பிள்ளைய ஓடிரும். மாமிக்குத் தெரியாதா?"

தெரியும், அவளுக்குச் சத்தம் உண்டு, சுருதி கிடையாது. எனக்கோ பல்லவி மட்டும்தான் பிடிபட்டிருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது.

பிள்ளைகள் முற்றத்தில் வந்து நின்ற நேரம் மகனும் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அழியல்லம்மா. பெட்டிக்குள்ளேயே ஒரு குப்பைத் தொட்டி உண்டு, அதுல கிடக்கு."

ஒரு தட்டு, பாட்டு திரும்ப வந்தது. அதுவும் தன் பழைய இடத்திலேயே, அழுகிற மனிதருக்கு அடுத்தபடியாக. மருமகள் உடனே சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு கேட்டன.

நான் மகனை விடவில்லை.

"அப்ப நான் அழிச்ச எட்டு?"

"அதும் தொட்டியிலதான்."

"பின்ன பெட்டியில இடம் கிடைச்சுதா?"

"இல்ல. தொட்டியையும் காலியாக்கினாத்தான் கிடைக்கும்."

"காலியாக்கினா எங்கோட்டு போவும்?"

"எங்கயும் போவாது. அந்த இடத்துல வேற எழுதிக்கோண்ணு பெட்டிக்குச் சொல்லுதோம், அவ்வளவுதான். வேற வந்து எழுதுற வரைக்கும் பழசு அங்கதான் கிடக்கும்."

பாடாமல், யாருக்கும் தெரியாமல், இடம் விட்டுக்கொடுத்துவிட்டு அங்கேயே கிடப்பது! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, சலிக்கவும் இல்லை. தொட்டியைக் காலி செய்ய மருமகள் அன்று விடவில்லை. தங்கையின் பாட்டை இரண்டு கேசட்டில் பதிந்து, ஒன்றை என் கையில் தந்த பிறகுதான் விட்டாள்.

சரி மக்கா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். மேல இருந்து வாசி, நான் கேக்கட்டும். ஒரு வரியும் விடப்பிடாது, கேட்டியா?