அட்டை கடிக்காத கால்

தொண்ணூறுகளின் கடைசியில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு ஞானம் வந்தது. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். நுவரெலியாவில் நடந்த பத்து நாள் தியான முகாமுக்குப் போனார், திரும்பி வந்தபின் வேலைக்குப் போகவில்லை. "நான்னு ஒன்னு இல்லீங்க. அது கழண்டு விழுந்திருச்சு" என்றார். இல்லாமல் போன அந்த ஆளுக்கு மூன்று வேளையும் சோறு மட்டும் வேண்டியிருந்தது. கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வரும் அவருடைய மனைவி அதைப் போட்டார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு சிறு கூட்டம் கூடும். டவுனிலிருந்து ஒரு புடவைக்கடை முதலாளி வருவார், வேலையிலிருந்து இளைப்பாறிய தபால் அதிபர் ஒருவர் வருவார். இருவருக்கும் வயிறு நிறைந்துவிட்டது, இனி மோட்சம்தான் பாக்கி. நான் போனது வேடிக்கை பார்க்க. முகத்தில் பக்தியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சிரிப்பேன்.

ஞானி துறவு போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹட்டனில் இடம் தர முதலாளி தயார். இவரோ "இன்னும் நேரம் வரலீங்க" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போட்டார். ஒருநாள் அக்கா பாடசாலை வாசலில் கூடையோடு வந்து நின்றார்.

"சார், நீங்க படிச்சவங்க. அவருக்கு மெய்யாலுமே ஞானம் வந்திருச்சான்னு பாத்துச் சொல்லுங்க. வந்திருச்சுன்னா போகட்டும். இல்லன்னா ஃபெக்டரிக்குப் போகட்டும். ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சிக்கிட்டு நான் எத்தன நாளைக்கு இப்படியே இருக்கிறது?"

கண் கலங்கியிருந்தது. புருஷனைப் பிரிய மனமில்லாமல் தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில், அக்கா தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன். உடம்பு நானில்லை என்றால் அட்டை கடிப்பதும் தெரியாதுதானே? வரும் ஞாயிறு தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே, காட்டோரத்து ஈரப் புல்லில் தியானம் வைத்தால் எங்களுக்கும் ஒரு பாடமாக இருக்குமே? ஞானியின் வாய்க்குப் போன கோப்பை பாதியில் நின்றது. முதலாளி "ஆகா" என்று கும்பிட்டுவிட்டதால் ஞானியால் மறுக்க முடியவில்லை. எனக்கு அப்படி ஒரு குஷி. சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடுவதை நான் பார்க்க வேண்டும். அக்காவுக்கு உதவி செய்த புண்ணியமும் கிடைக்கும்.

அந்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த சற்று நேரத்தில் தபால் அதிபர் துள்ளிக் குதித்தார். முதலாளியின் வெள்ளை வேட்டியில் இரத்தம். என் காலிலும்தான். ஞானி அரைமணி நேரம் அசையவில்லை. அட்டைகள் அவர் பாதத்தருகே வந்து தலையைத் தூக்கி ஆட்டிவிட்டு வேறு பக்கம் போயின. மற்றவர்கள் சேற்றில் விழுந்து கும்பிட்டார்கள். கண் திறந்த ஞானி முதலில் தன் காலைத்தான் பார்த்தார். தனக்கு ஞானம் வந்ததை அவரே அன்றுதான் நம்பினார். அந்த வாரமே வெள்ளை உடுத்தி ஹட்டனுக்குப் போய்விட்டார்.

என் நக்கலால் ஒரு குடும்பம் அநாதையாகிவிட்டதே என்று, ஒருநாள் விடியற்காலையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து முழங்கால்வரை சவர்க்காரத்தைத் தேய்த்து, கழுவாமல் காயவிட்டார். கொழுந்துக்குப் போகும் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். அட்டை கிட்டே வராது. ஃபெக்டரிக்குள்ளேயே காலம் தள்ளிய ஞானிக்கும், வெண்கட்டி பிடித்த எனக்கும் அது ஞாபகத்துக்கே வந்திருக்கவில்லை.

நான் பார்ப்பதை அக்கா பார்த்தார்.

"அன்னைக்கிப் பொறப்படுறதுக்கு முன்ன தபால் ஐயாதானே பாதபூச செய்யச் சொன்னாரு. செஞ்சேன். அவரு கண்ண மூடிக்கிட்டு இருந்தாரு. சவுக்காரத்தத் தேச்சிட்டு, தண்ணி ஊத்தாம விட்டுட்டேன்."

"ஏன்க்கா?"

"ஞானம் வந்த பொறகும் அடிச்சாரு சார். சீனி கொறஞ்சாலும் அடி, உப்பு கூடுனாலும் அடி. நான் வெரட்டுனா லயமே என்னயத்தான் காறித் துப்பும். சாமியாப் போனா கும்பிட்டு அனுப்பும்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருமுறை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஞானியைக் கண்டேன். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"சார், இப்ப அட்ட கடிக்குது. அன்னைக்கி இருந்தது போயிருச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியல. வீட்டுக்கே திரும்பிப் போயிரலாமான்னு இருக்கு."

கண்ணில் தண்ணீர். பொய்யில்லாத தண்ணீர். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றே விடுதலையாகியிருப்பார்.

"சோதனைங்க சாமி" என்றேன். "வீடு ரொம்பக் கிட்ட இருக்கு, அதான். தூரமா உடப்புசல்லாவைப் பக்கம் போயிருங்க."

கும்பிட்டார். அந்த வழியாகப் போகும் நுவரெலியா பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் சீட்டும் பிடித்துக் கொடுத்தேன்.